அரை அறையில் பச்சோந்தி

என் கணவர் அலுமினியச் சட்டங்களைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்த சனிக்கிழமை காலை, நான் சமையலறை மேசையில் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு இருந்தேன். எங்கள் வீடு ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், மலைச்சரிவில் நிற்கும் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில். மின்தூக்கி இல்லை. படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் சட்டங்கள் சுவரில் இடிபடும் சத்தம் கீழிருந்து வந்துகொண்டே இருந்தது. உள்ளே வந்தவர் என்னைப் பார்த்தார். பிறகு நடையின் கடைசியில் சாத்திக் கிடந்த கதவைப் பார்த்தார்.

"அந்த அறைக்குள்ள வைக்கலாமெண்டு பாக்கிறன். காலமை வெயில் அங்கதான் வரும்," என்றார்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போதே அவர் விஷயத்தைச் சொல்லியிருந்தார். தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் ஜெர்மன்காரர் வேலை மாறி வடக்கே கடற்கரைப் பக்கம் போகிறார். அவரிடம் ஒரு பச்சோந்தி இருக்கிறது. யேமன் நாட்டு இனம். புது வீட்டில் அதை வைத்திருக்க விடமாட்டார்களாம். இப்போது சின்னக் கண்ணாடித் தொட்டி ஒன்றுக்குள் மூலையில் ஒடுங்கிக் கறுத்துக் கிடக்கிறது. எடுத்து வரட்டுமா என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்த நாட்களில் நான் எதற்கும் பதில் சொல்வதில்லை. அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் போலும்.

"அது பிள்ளையின்ர அறை," என்றேன்.

சட்டங்களைச் சத்தம் வராமல் சுவரோடு சாய்த்தார். "தெரியும். உமக்கு விருப்பமில்லையெண்டா முன்னறைக்குள்ள வைக்கிறன். ஆனா அங்க வெயில் இல்லை."

"பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில ஓணானைக் கொண்டுவந்து வைக்கப்போறியளோ? உங்களுக்கென்ன விசரே?"

நான் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சிறிது நேரத்தில் அந்த மற்றக் கதவு திறபடும் சத்தம் கேட்டது.

இங்கே வீட்டுக்கு அறைக் கணக்குச் சொல்வார்கள். எங்களுடையது இரண்டரை அறை வீடு. அந்த அரை, கிழக்குப் பார்த்த யன்னலோடு ஒரு கட்டிலும் அலுமாரியும் மட்டும் கொள்ளும் இடம். வசந்தத்தில் இரண்டு பேருமாக அதற்கு இளமஞ்சள் பூசினோம். தொட்டில் பெட்டியோடு வந்து பிரிக்காமல் சுவரில் சாய்ந்து நின்றது. ஏழாம் மாதத்தில் ஒரு நாள் வயிற்றுக்குள் அசைவு இல்லை என்று டாக்டரிடம் போனோம். அவர் கருவியை வயிற்றில் வைத்து நெடுநேரம் தேடினார். பிறகு திரையை என் பார்வைக்குப் படாமல் மெல்லத் திருப்பினார். சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவளை நான் பெறத்தான் வேண்டியிருந்தது. பெற்று முடிந்ததும் மருத்துவிச்சி குனிந்து, "பார்க்கிறீர்களா?" என்று கேட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். என் கணவர் மருத்துவிச்சியோடு பக்கத்து அறைக்குப் போனார். திரும்பி வர நேரமானது. வந்தவர் என் காலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் வீட்டுக்கு வருமுன் என் தம்பி வந்து தொட்டில் பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தான். சுவரின் மஞ்சளை எடுத்துப்போக யாராலும் முடியவில்லை. கதவைச் சாத்தினேன்.

இப்படிப் பிறக்கும் பிள்ளைகளை இங்கே நட்சத்திரப் பிள்ளைகள் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர் அவர்கள் எல்லோரையும் சேர்த்து மயானத்தில் ஒரு பொது இடத்தில் அடக்கம் செய்கிறார்கள். அதற்கும் இவர் தனியாகத்தான் போய்வந்தார். சட்டப்படி எனக்குப் பிரசவ விடுப்புக் கிடைத்தது. கையில் பிள்ளை இல்லாமல், பிள்ளைக்காகக் கொடுத்த விடுப்பில் வீட்டில் இருந்தேன்.

கூட்டை அவர் வேலை முடிந்த மாலைகளிலும் வார இறுதிகளிலும் கட்டினார். அவருக்குக் கை வேலை தெரியும். இரும்புக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் இருபது வயதிலிருந்து நிற்கிறார். நான் படுக்கையில் கிடந்தபடி சத்தங்களைக் கேட்டேன். அறுக்கும் வாள், துளைபோடும் இயந்திரம், பிறகு நீண்ட நேரம் அரம். எதையோ தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தபோது கேட்டேன்.

"அப்பிடி என்னத்தை ராவுறியள்?"

"வலையின்ர விளிம்பை. வெட்டின இடம் கூராயிருந்தா அதின்ர நகம் மாட்டுப்படும்."

"ஏன் வலை? கண்ணாடி போட்டா லேசெல்லே?"

"கண்ணாடிக்குள்ள காத்து அசையாது. ஈரம் தங்கி நெஞ்சுக்குள்ள சளி பிடிச்சிடும். நாலு பக்கமும் வலையெண்டா மூச்சு விடலாம்." அரத்தோடு திரும்பிப் போனார்.

கூடு என்னைவிட உயரமாக வளர்ந்தது. பச்சோந்தி மனிதர்களைக் கீழே வைத்துப் பார்க்க விரும்புமாம். தலைக்கு மேலே ஏதும் அசைந்தால் கழுகென்று பயந்துவிடும். அதனால் கூட்டை ஒரு குட்டை மேசைமேல் ஏற்றினார். அடியில் துளைபோட்ட தட்டு, தண்ணீர் வடிய அதன் கீழ் இன்னொரு தட்டு. மேலே குளிர்காய ஒரு விளக்கும், வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதாக் குழல் விளக்கு ஒன்றும்.

செடிகள் வந்த நாளில்தான் நான் எழுந்தேன். தோட்டக் கடையிலிருந்து வாங்கி வந்தவற்றைக் குளியல் தொட்டிக்குள் இறக்கி வைத்து, இவர் ஒவ்வொரு இலையாகக் கழுவிக்கொண்டிருந்தார். கடைச் செடியில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள், பச்சோந்தி இலையையும் கடிக்கும், இலையில் நிற்கும் தண்ணீரையும் நக்கும் என்றார். உலோகத்தில் அவ்வளவு பக்குவமாக ஓடும் அந்தக் கை இலையை இழுத்துக் கிழித்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"விடுங்கோ. நான் கழுவுறன்."

தொட்டியோரம் முழந்தாளிட்டு இருந்து, இலையின் அடியில் ஒரு கையைக் கொடுத்து மறு கையால் துடைத்தேன். பைகஸ் மரக்கன்று ஒன்று, குடைபோல் இலை விரிக்கும் செடி ஒன்று, மணி பிளான்ட் இரண்டு, ஒரே ஒரு மொட்டோடு செவ்வரத்தை. பழைய மண்ணை உதறி, வேரை அலசி, புது மண்ணில் வைத்தேன். குனிந்து நின்றதில் நெஞ்சு கனத்தது. பால் வற்றி அதிக நாளாகவில்லை. இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு அந்தச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு நானாகவே அந்த அறைக்குள் போனேன். மஞ்சள் சுவரைப் பார்த்தேன். சட்டி கையில் இருந்ததால் அதைக் கீழே வைக்க வேண்டியிருந்தது, வைத்ததும் அடுத்ததை எடுத்துவர வேண்டியிருந்தது. அப்படித்தான் அந்த அறைக்குள் எட்டுப் பத்துத் தரம் போய்வந்தேன்.

மலைக்காட்டிலிருந்து விழுந்த கிளைகளைப் பொறுக்கி வந்து வெந்நீரில் தேய்த்து வைத்திருந்தார். பச்சோந்தி பிடிக்கக் கூடிய பருமனில், மேலும் கீழுமாக, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்து போகும்படி கட்டினார். மணி பிளான்டை வலையில் ஏறவிட்டோம். செவ்வரத்தையை வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். அதன் பூவைப் பச்சோந்தி தின்னுமாம். ஆனாலும் மருந்து போகும்வரை கொஞ்ச வாரம் கொடுக்கக் கூடாது.

நான் தள்ளி நின்று பார்த்தேன். "எல்லாப் பக்கத்தாலயும் தெரியுது. அதுக்கு ஒளிக்க இடமில்லை."

"பாக்கத்தானே வைக்கிறம்?"

"எங்களுக்குப் பாக்க ஆசையா இருக்கும். அதுக்குக் காட்ட விருப்பமிருக்க வேணுமே?"

அவர் யோசித்தார். பைகஸை நடுவிலிருந்து பின்மூலைக்கு நகர்த்தி, குடைச் செடியை அதற்கு முன்னால் வைத்தார். அந்த மூலை இருட்டிக்கொண்டது. "இப்ப சரியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

பச்சோந்தி ஒரு துணிப்பையில் வந்தது. இவர் தன் மேலங்கிக்குள் பையை வைத்து, ஆற்றுக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கி ஓடும் எங்கள் ஊர்த் தொங்கு ரயிலில் கொண்டுவந்தார். கூட்டுக் கதவைத் திறந்து கிளைக்குப் பக்கத்தில் பையின் வாயை விரித்துப் பிடித்தார். முதலில் ஒரு கை வந்தது. இரண்டாகப் பிரிந்த, இடுக்கி மாதிரியான சின்னக் கை. அது கிளையைத் தடவிப் பார்த்தது, பிடித்தது. பிறகு கூரான கொண்டை வைத்த தலை. உடம்பு கரி நிறம். முன்னும் பின்னும் ஆடி ஆடி ஒவ்வோர் அடியாக வைத்து நேரே அந்த இருட்டு மூலைக்குள் போய் மறைந்தது. பல நாள் அதன் வாலைத் தவிர வேறொன்றும் எங்களுக்குத் தெரியவில்லை.

கிண்ணத்துத் தண்ணீரை அது குடிக்காது. இலையில் துளி நிற்க வேண்டும். காலையும் மாலையும் விசிறும் போத்தலால் நான் செடிகளை நனைத்தேன். இவர் வேலைக்குப் போனபின் அது என் வேலையாகிவிட்டது. ஒரு காலை, வெயில் இலைகளில் விழுந்திருந்தபோது, இலைகளுக்குள் ஒரு கண் உருண்டு என்னைப் பார்த்தது. மற்றக் கண் துளியைப் பார்த்தது. நான் போத்தலை இறக்கி மூச்சுவிடாமல் நின்றேன். அது வாயை இலையில் வைத்துக் குடித்தது. கரி நிறம் விலகிப் பச்சை வந்திருந்தது. மாலையில் இவர் வந்ததும், "அது தண்ணி குடிச்சது," என்றேன். சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டு நின்றார்.

தெரிந்த மாமி ஒருவர் எங்களைப் பார்க்க வந்தபோது அந்த அறையை எட்டிப் பார்த்தார். "இதென்ன பிள்ளை, ஆரும் வீட்டுக்கை பச்சோந்தி வளர்ப்பினமோ? உதுகளை வச்சிருந்தா வீட்டுக்குக் கூடாது. பிறகெப்பிடி நல்லது நடக்கும்?" என்றார். பாவம், கெட்ட மனசோடு சொல்லவில்லை. என் கணவர் எழுந்து அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து, "மாமி, இது வர முந்தித்தான் எங்களுக்கு நடந்தது," என்றார். மாமி தேத்தண்ணியைக் குடித்து முடித்துப் போய்விட்டார். என் கணவர் அந்த விஷயத்தைப் பற்றி வாய் திறந்து நான் கேட்ட முதல் தடவை அது.

விடுப்பு முடிந்து நான் பேக்கரிக்குத் திரும்பினேன். பாண் விற்கும் மேசையில் நிற்கும் வேலை. முன்பு என் வயிற்றைப் பார்த்து நலம் கேட்ட வாடிக்கையாளர்கள் வந்தார்கள். சிலர் என்னோடு வேலை செய்பவர்களிடம் கேட்டறிந்து பேசாமல் பாணை வாங்கிப் போனார்கள். கைத்தடியோடு வரும் வயதான அம்மா ஒருவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"வந்துவிட்டீர்களா? என்ன பிள்ளை, பெண்ணா பையனா?"

"பெண்," என்றேன்.

"நல்லது, நல்லது. பெண் பிள்ளை," என்று சிரித்துக்கொண்டு போனார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மேலங்கியைக் கழற்றாமல் அந்த அறைக்குள் போய், எல்லா இலைகளையும் நனைத்தேன். பிறகு நிலத்தில் உட்கார்ந்து, வலைக்கு இந்தப் பக்கம், விளக்கு அணையும்வரை இருந்தேன்.

குளிர்காலம் முடியும் நேரம் பச்சோந்தி கொழுத்துவிட்டது என்று நினைத்தோம். வயிறு இரு பக்கமும் புடைத்திருந்தது. உடம்பில் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள் வந்தன. கொடுத்த வெட்டுக்கிளிகளைத் தொடாமல் கூடு முழுக்க மேலும் கீழும் அலைந்தது. ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் மிருக வைத்தியரிடம் ஒரு டெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்குக் கொண்டுபோனோம்.

வைத்தியர் இளம் பெண். பச்சோந்தியின் பின்னங்காலை விரலில் தாங்கிக் குதிகாலைக் காட்டினார். "ஆண் என்றால் இந்த இடத்தில் ஒரு சின்ன முள் பிறக்கும்போதே இருக்கும். இதற்கு இல்லை. இது பெண்."

"தந்தவர் ஆண் எண்டுதான் சொன்னவர்," என்று இவர் என்னிடம் தமிழில் சொன்னார்.

ஊடுகதிர்ப் படம் எடுத்துவந்து திரையை எங்கள் பக்கம் திருப்பினார் வைத்தியர். நான் யன்னலைப் பார்த்தேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். அந்த மெல்லிய எலும்புக் கூட்டுக்குள் வட்டம் வட்டமாக, இடைவெளி இல்லாமல் முட்டைகள்.

"ஆண் இல்லாமலே முட்டை வருமா?" என்று இவர் கேட்டார்.

"வரும். குஞ்சு இருக்காது. ஆனால் அவள் அவற்றை வெளியே விட்டாக வேண்டும். மனதுக்குப் பிடித்த இடம் கிடைக்காவிட்டால் உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்வாள். அப்படி வைத்திருந்தால் இறந்துபோவாள்."

என் கணவர் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார். நான்தான் கேட்டேன். "என்ன மாதிரி இடம் வேண்டும்?"

"ஈர மணல். ஆழமாக. அவள் சுரங்கம்போல் தோண்டி உள்ளே போவாள். தோண்டும்போது யாரும் பார்க்கக் கூடாது. உங்களைக் கண்டால் விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவாள்."

தம்பியிடம் இரவல் வாங்கிய காரை இவர்தான் ஓட்டி வந்திருந்தார். நேரே கட்டடப் பொருட்கள் விற்கும் கடைக்கு விட்டார். சாந்து குழைக்கும் கறுப்புத் தொட்டி ஒன்று எடுத்தோம். மணல் இருந்த இடத்துக்குப் போனபோது, கழுவிய மணல் என்று இருந்தது பிள்ளைகள் விளையாடும் மணல் மட்டும்தான். ஒவ்வொரு பையின் படத்திலும் ஒரு சின்னப் பிள்ளை வாளியோடு சிரித்துக்கொண்டிருந்தது. இவர் அவசரமாக ஒரு பையைத் தூக்கிப் படம் அடியில் போகும்படி வண்டிலில் கவிழ்த்துப் போட்டார். அடுத்ததையும் அப்படியே. நான் கையைப் பிடித்தேன்.

"பரவாயில்லை. வையுங்கோ," என்றேன்.

மணலை நான் பதம் பார்த்தேன். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்து, கையில் அமத்தினால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், ஆனால் தண்ணீர் சொட்டக் கூடாது. குழல் புட்டுக்கு மா குழைக்கும் கைக்கு அது தெரியும். தொட்டியைக் கூட்டின் அடியில் இறக்கி, ஒரு மூலையில் விரலால் சின்னக் குழி தொடக்கிவிட்டேன். ஒரு கிளையை மணலுக்கு இறங்கும்படி சாய்த்துக் கட்டினார். பிறகு எங்கள் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்துக் கூட்டைச் சுற்றி மூடினோம். மேற்புறம் மட்டும் விளக்குக்காகத் திறந்து விட்டோம்.

இரண்டு மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் விசிறும்போது விரிப்பின் மேலால் கையை மட்டும் விட்டு விசிறினேன். கண்ணை விடவில்லை. பேக்கரியில் நிற்கும்போதும் அதே நினைவு. பிடிக்காவிட்டால் என்ன செய்வாள், மணல் காய்ந்துவிட்டதோ, நான் தொடக்கிய குழி சரியில்லையோ. என் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்தபோது என்ன சத்தம் குறைஞ்சு கதைக்கிறாய் என்று கேட்டார். பக்கத்து அறையில் ஒருத்தி முட்டையிடப் போறாள் அம்மா என்று சொன்னால் என்ன நினைத்திருப்பார்? தடிமன், தொண்டை கட்டிவிட்டது என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை பெய்துகொண்டிருந்தது. சாப்பிட்ட கோப்பைகளை எடுக்காமல் இரண்டு பேரும் சமையலறையில் இருந்தோம். நடையின் கடைசியில் இருந்து அந்தச் சத்தம் வந்தது. மணலைப் பிறாண்டும் சத்தம். நின்றது. மறுபடி பிறாண்டியது.

"கேக்குதோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஓம்."

எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று கால் துடித்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். போக ஏலாது. கேட்டுக்கொண்டு இருக்கத்தான் முடியும். அப்படி நெடுநேரம் இருந்தோம். அந்த இருப்பில்தான் எனக்கு வாய் வந்தது.

"நீங்கள் அவளைத் தூக்கினனீங்களோ?"

யாரை என்று அவர் கேட்கவில்லை. "ஓம்," என்றார்.

"எப்பிடி இருந்தவள்?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். "தலைமயிர் நிறைய. நல்ல கறுப்பு. ஈரமா நெத்தியில ஒட்டிக் கிடந்தது." நிறுத்தினார். "நாடி உம்மட நாடி. உமக்கு வாய்க்குக் கீழ நடுவில ஒரு பள்ளம் இருக்கெல்லே, அப்பிடியே. கையைப் பொத்தி வச்சிருந்தவள். நான் விரலை விரிச்சுப் பாத்தனான். நகமெல்லாம் இருந்தது."

"பாரமோ?"

"உங்கட கடையில அந்தப் பெரிய வட்டப் பாண் இருக்கெல்லே. அந்தப் பாரம்தான்."

ஒவ்வொரு நாளும் அந்தப் பாணை நான் தூக்கிக் கொடுக்கிறேன். என் கை அந்தப் பாரத்தை அங்கேயே, மேசைக்குக் கீழே, மடியில் உணர்ந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் சுவரைப் பாத்துப் படுத்திட்டீர். கேட்டா சொல்லலாமெண்டு இருந்தனான். கேக்காமல் எப்பிடிச் சொல்லுறது?"

"அவ்வளவு நேரம் அங்க என்ன செய்தனீங்கள்?"

"அவளோட கதைச்சனான்."

"என்ன கதைச்சனீங்கள்?"

"ஒண்டுமில்லை. வெளியில மழை பெய்யுது எண்டு சொன்னனான்." முன்னாலிருந்த கோப்பையை மெல்லத் தள்ளி வைத்தார். "வேற என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

அவர் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமில்லாமல், வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். அந்த நேரத்திலும் நடையின் கடைசியில் இருப்பவளைப் பயப்படுத்திவிடக் கூடாது என்று பொத்திக்கொண்டாரா, தெரியாது. நான் கதிரையை இழுக்காமல் தூக்கி வைத்து அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். எனக்கும் அழுகை வந்தது. மணலின் சத்தம் இருட்டும்வரை விட்டுவிட்டுக் கேட்டது.

அடுத்த நாள் பின்னேரம் நான் வேலையால் வந்தபோது ஒரு சத்தமும் இல்லை. இவர் வரும்வரை காத்திருந்து, இரண்டு பேருமாக விரிப்பின் ஓரத்தை விலக்கினோம். அவள் விளக்குக்குக் கீழே மேல் கிளையில் இருந்தாள். வயிறு ஒட்டித் தோல் மடிந்து தொங்கியது. கொண்டையிலும் கண்ணிமையிலும் மணல் ஒட்டியிருந்தது. கீழே தொட்டியில் அவள் தோண்டிய இடம் இருந்த அடையாளமே இல்லை. எல்லாவற்றையும் மூடித் தட்டிச் சமப்படுத்தியிருந்தாள். நான் போத்தலை எடுத்து மெல்ல விசிறினேன். கண்ணை மூடித் தலையை நீட்டி, முகத்தைக் கழுவுவதுபோல் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு குடித்தாள். இலையிலிருந்து இலைக்குப் போய்ப் போய், போத்தலில் பாதி முடியும்வரை குடித்தாள்.

முட்டைகளை மணலுக்குள் விட்டுவைத்தால் அழுகிவிடும். இவர் கரண்டியால் பார்த்துப் பார்த்துத் தோண்டி எடுத்து ஒரு கோப்பையில் அடுக்கினார். வெள்ளையாக, தோல்போல் மெத்தென்று இருந்தன. அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கும் அதைப் பார்த்ததும் ஏதாவது ஆகிவிடும் என்று பயம் இருந்தது. ஆனால் ஒன்றும் ஆகவில்லை. அவை உயிர் வைக்காத முட்டைகள், அவ்வளவுதான்.

"குப்பையில போடுங்கோ. மரக்கறிக் கழிவு போடுற மண்ணிறத் தொட்டிக்குள்ள," என்றேன். அவர் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து கை கழுவினார்.

அந்த வாரக் கடைசியில் மயானத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டேன். அது காட்டோரமாக, மேட்டில் இருந்தது. ஒரு பொதுக் கல், அதைச் சுற்றிச் சின்னக் காற்றாடிகளும் பொம்மைகளும். பெயர் எழுதிய கூழாங்கற்கள் சில. எங்கள் பிள்ளைக்கு நாங்கள் யோசித்து வைத்திருந்த பெயரை நான் வாய்விட்டுச் சொன்னேன். அதுவரை ஒருவரும் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னதில்லை. இவர் தலையை ஆட்டினார். குளிர் கடுமையாக இருந்ததால் அதிக நேரம் நிற்கவில்லை.

கைத்தடி அம்மா பிறகு ஒரு நாள் பேக்கரியில், "குட்டிப் பெண் எப்படி? வளர்ந்திருப்பாளே?" என்று கேட்டார். வரிசையில் ஆட்கள் நின்றார்கள். "அவள் இறந்துதான் பிறந்தாள்," என்றேன். "நான் அப்போது உங்களுக்குச் சொல்லவில்லை." அவர் கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டு என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "என்ன நிறத் தலைமயிர்?" என்று கேட்டார். கறுப்பு என்றேன். வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

வைத்தியர் சொன்னபடி அதன்பிறகு அவளுக்குத் தீனியைக் குறைத்தோம், விளக்கின் சூட்டையும் குறைத்தோம். முட்டை அடிக்கடி வந்தால் அவளுடைய ஆயுள் குறையுமாம். மணல் தொட்டி மட்டும் எப்போதும் கூட்டுக்குள் இருக்கிறது. அவள் மறுபடி தோண்டத் தொடங்கிய தடவைகளில் விரிப்பை மூடிவிட்டு எங்கள் வேலையைப் பார்த்தோம். பைகஸ் கூரை வலையைத் தொட்டுவிட்டதால் வெட்டிவிட வேண்டியிருந்தது. எங்களுக்கு இன்னொரு பிள்ளை பிறக்கவில்லை. பிறக்குமா என்று கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள்.

இப்போது அவளுக்கு வயது போய்விட்டது. பகலில் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிளையில் இருக்கிறாள். நாக்கு முன்னைப்போல் தூரம் போவதில்லை. இவர் வேலைக்குப் போகுமுன் வெட்டுக்கிளியைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, அவள் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு நிற்பார். நேற்றுக் காலை அவள் குறி வைத்து வைத்துத் தவறவிட்டாள். இவருக்குத் தொங்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு நான் வாசலில் நின்றேன்.

"கை நோகேல்லையோ?" என்று கேட்டேன்.

"பொறும். எடுப்பாள்," என்றார், கிண்ணத்தை அசைக்காமல்.